மேலவீட்டு நெருப்பு

மாப்பிள்ளை வீட்டுக்கு வந்தால் நாற்காலியைத் துடைத்துப் போடுவேன். தொழிற்சாலைக்கு வந்தால் போட மாட்டேன். வீட்டில் அவர் என் மகளின் புருஷன். இங்கே அவர் எரிவாயுக் கம்பெனி அதிகாரி. அன்றைக்கு அவர் வந்தது தொழிற்சாலைக்கு, அதுவும் தோல் பையோடு. அதனால் முற்றத்தில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்த செங்கல் அடுக்கின் மேல் உட்காரச் சொன்னேன். நாங்கள் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவது அதன் மேல்தான்.

"ஆபீஸ் ரூம்ல பேசலாமே அத்தை."

"அங்க ஃபேன் ஓடல மாப்பிள்ளை. இங்க காத்து வருது. உக்காருங்க, செங்கல் ஒண்ணும் கடிக்காது."

கைக்குட்டையை விரித்து அதன் மேல் உட்கார்ந்தார். நல்ல பிள்ளைதான். பையைத் திறக்கும்போது மட்டும் கம்பெனிக்காரர் ஆகிவிடுவார், அவ்வளவுதான் குறை.

நாங்கள் செய்வது மருந்து பாட்டில். இருமல் மருந்து ஊற்றி விற்கிறார்களே, பழுப்பு நிறத்தில் குட்டி பாட்டில், அதுதான். பழைய முதலாளி இதைப் போட்டுவிட்டு ஓடியபோது, வேலை செய்தவர்களே சேர்ந்து சங்கம் வைத்து வாங்கினோம். நான் சங்கத் தலைவி. தலைவி என்றால் மாலை மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம். கக்கூஸ் குழாய் ஒழுகினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தொழிற்சாலைக்கு உயிர், நடுவில் இருக்கிற உலை. ஒரு வீட்டின் முன்னறை அளவுக்குச் செங்கல் தொட்டி. அதற்குள் மணலும் சுண்ணாம்பும் சோடாவும் உருகிப் பாகு மாதிரி நிற்கும். மேலே ராப்பகலாக நெருப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நெருப்புக்கான வாயு எங்கிருந்தோ மலை தாண்டி, எல்லை தாண்டிக் குழாயில் வருகிறது. குழாய் ஒரு பெரிய நாட்டினுடையது, மாப்பிள்ளை வேலை பார்க்கிற கம்பெனியும் அந்த நாட்டினுடையதுதான். எங்கள் பாட்டிலை வாங்குவதோ இன்னொரு பெரிய நாடு. இரண்டுக்கும் ஆகாது. வாயில் நுழையாத அந்தப் பெயர்களையெல்லாம் விட்டுவிட்டு, நாங்கள் குழாய்க்காரர்களை மேலவீடு என்போம், பாட்டில் வாங்குகிறவர்களைக் கீழவீடு என்போம். தெருவில் இரண்டு பணக்கார வீடுகள் சண்டை போட்டுக்கொண்டால் நடுவில் இருக்கிற ஓலைக்குடிசை என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு எங்களுக்கு. கீழவீடு ஒரு சாமானுக்கு வரி போட்டால் மேலவீடு நாலு சாமானுக்குப் போடும். இவன் கப்பலை மறித்தால் அவன் குழாயைத் திருகுவான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது இடி வாங்கினால் சத்தம் போடும்.

மாப்பிள்ளை தாள்களை எடுத்து முழங்காலில் வைத்துத் தட்டினார்.

"நல்ல சேதி அத்தை. இப்ப குடுக்கிற விலையில பாதி. பாதி விலைக்கு வாயு. பதினஞ்சு வருஷத்துக்கு எழுதித் தர்றாங்க."

"மீதிப் பாதிய எங்க கழுத்துலருந்து அறுத்துக்குவாங்களா?"

"ஒரே ஒரு ஷரத்துதான். இப்ப உங்ககிட்ட வாங்குற அந்த நாட்டுக்குப் பாட்டில் விக்கக்கூடாது. கம்பெனி சொல்ற ஆளுக்கு, கம்பெனி சொல்ற விலைக்குக் குடுக்கணும்."

"ஒரே ஒரு ஷரத்து! தலையை மட்டும் குடு, உடம்ப நீயே வச்சுக்கங்கற மாதிரி. கையெழுத்துப் போடலேன்னா?"

மாப்பிள்ளை தன் ஷூவைப் பார்த்தார். "ஒண்ணாம் தேதி வால்வ மூடணும்னு மேலருந்து உத்தரவு."

"கீழவீட்டுக்காரங்க என்ன சொல்லியிருக்காங்க தெரியுமா? மேலவீட்டு வாயுல உருக்கின பாட்டிலா இருந்தா இனிமே வரி. பாட்டில் விலையைவிட வரி ஜாஸ்தி."

"அதத்தான் அத்தை நானும் சொல்றேன். அவங்க கைய விட்டுட்டாங்க. நாங்க கை குடுக்கிறோம்."

"கை குடுக்கிறீங்களா, விலங்கு மாட்டுறீங்களா?"

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "உங்க நல்லதுக்குத்தான் அத்தை ஓடி வந்தேன். உலை ஆறினா செத்துப்போச்சுன்னு நீங்கதான் சாப்பிடறப்ப எப்பவும் சொல்வீங்க. உள்ள இருக்கிற கண்ணாடி பாறையா இறுகி, தொட்டியே வெடிச்சிரும்னு. எங்க மேனேஜர்கிட்டயும் அதத்தான் எடுத்துச் சொன்னேன். பாவம் சார், நெருப்பு நின்னா அவங்க கதை முடிஞ்சுதுன்னு."

"எப்பச் சொன்னீங்க?"

"போன மாசம்."

போன மாதம் சொன்னார். இந்த மாதம் தேதி வந்துவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சின்ன வயதில் படித்தேன். கூட ஒரு கரண்டி சோறு வைத்து, எங்கள் கழுத்தில் எந்த இடத்தில் கத்தி வைக்க வேண்டும் என்று நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவரும் பாவம், பரிந்து பேசுவதாக நினைத்து மேனேஜரிடம் ஒப்பித்திருக்கிறார்.

"தாளை வச்சிட்டுப் போங்க மாப்பிள்ளை. எங்க ஆளுங்ககிட்டப் பேசணும்."

அவர் எழுந்து கால்சட்டைப் பின்புறத்தைத் தட்டிக்கொண்டார். செங்கல் தூசி தட்டினாலும் போகாது.

உலைக்கூடத்தில் என் தம்பி இருந்தான். உலைக்கு அவன்தான் பொறுப்பு. நெட்டைக் கழுத்து, நெருப்புப் பக்கத்திலேயே வாழ்க்கை, அதனால் அவனுக்கு நெருப்புக்கோழி என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவன் பெண்டாட்டிகூட அப்படித்தான் கூப்பிடுகிறாள். விஷயத்தைச் சொன்னதும் யோசிக்கவே இல்லை.

"போட்ருக்கா கையெழுத்த."

"படிச்சுப் பாத்தியாடா?"

"எதுக்குப் படிக்கணும்? நெருப்பு இருந்தா நாம இருக்கோம். யாருக்கு வித்தா என்ன? பாட்டிலுக்கு வாய் ஒண்ணுதான், யார் மருந்து ஊத்தினாலும் வாங்கிக்கும்."

"விலை அவன் சொல்வான். அடுத்த வருஷம் பாதி விலைக்கு வாயு குடுத்துட்டு, பாட்டிலக் கால் விலைக்குக் கேப்பான். அப்ப என்ன பண்ணுவ?"

பரிசோதனை அறையிலிருந்து என் மகள் வந்தாள். மணலில் என்ன இருக்கிறது, கலவையில் என்ன குறைகிறது என்று பார்ப்பது அவள் வேலை. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"வீட்ல போய்ச் சண்டை கிண்டை போடாதடி," என்றேன்.

"சண்டை எல்லாம் இல்லம்மா. இன்னிக்கு அவருக்குச் சாப்பாட்டு வால்வு மூடியாச்சு. அவ்வளவுதான்."

தம்பிகூடச் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை. "மாமா, நான் அந்தக் கரண்ட் உலையப் பத்தி மறுபடியும் சொன்னா கத்துவீங்களா?"

"கத்துவேன்."

"அப்ப கத்துங்க." அவள் என் பக்கம் திரும்பினாள். "ஆத்துக்கு மேல நம்ம அணைக்கட்டு இருக்கு. அந்தத் தண்ணி மேலவீட்டுதும் இல்ல, கீழவீட்டுதும் இல்ல. லைன் இழுத்து வேலி வரைக்கும் கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க. நாமதான் பயந்துட்டுத் தொடல. லேப் பின்னாடி சின்னத் தொட்டில கரண்ட்ல உருக்கிக் காட்டினேன். பழுப்பு நிறம் கூட சரியா வந்துச்சு."

"கைப்பிடி அளவு!" என்றான் தம்பி. "கரண்ட்ல கண்ணாடி உருக்குறதும் இஸ்திரிப் பெட்டில சோறு பொங்குறதும் ஒண்ணு. அதுவுமில்லாம இந்த உலைய இடிச்சுக் கட்டாம அத வைக்க முடியாது. இடிக்கணும்னா அணைக்கணும்."

அந்த வார்த்தை விழுந்ததும் மூன்று பேரும் உலையைத் திரும்பிப் பார்த்தோம். அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

எனக்குச் செங்கல் ஞாபகம் வந்தது. உலைச் செங்கல் ஏழெட்டு வருடத்தில் கரைந்துவிடும். அணைத்து, பிரித்து, புதிதாகக் கட்ட வேண்டும். எங்களுக்கு அது அடுத்த வருடம் செய்ய வேண்டிய வேலை. ஆனால் இறக்குமதிச் செங்கல்லுக்கு வரி ஏறப்போகிறது என்று காற்றுவாக்கில் காதில் விழுந்த அன்றே நான் வாங்கிப் போட்டுவிட்டேன். பெண் பார்க்கும் முன்னே தொட்டில் வாங்குகிற ஆள் இந்த அக்கா என்று சங்கத்தில் ஆளுக்கு ஆள் கேலி. வரி ஏறிய பிறகு கேலி நின்றது. செங்கல் மட்டும் முற்றத்தில் கிடந்தது, எங்களுக்குப் பெஞ்சாக.

"டேய், நாமளே அணைச்சா என்ன?"

அவன் கழுத்து இன்னும் ஒரு முழம் நீண்டது. "அவன் கொல்றதுக்கு முன்னாடி நானே கழுத்த நெரிக்கணுமா?"

"வயித்துல கண்ணாடியோட ஆறினாதானே சாவு? அடில துளையைத் திறந்து கண்ணாடியெல்லாம் வடிச்சிட்டு, காலி வயித்தோட மெதுவா ஆத்தினா அது தூக்கம்தானே? போன தடவை செங்கல் மாத்தினப்ப நீ அப்படித்தானே ஆத்தின? தாலாட்டு ஒண்ணுதான் பாடல."

"அப்ப மறுபடி பத்த வைக்க வாயு இருந்துச்சுக்கா."

அவன் சொன்னது நிஜம். மகளின் மின்சார உலை பெரிய அளவில் எரியுமா என்று அவளுக்கே உறுதியாகத் தெரியாது. ஆனால் எனக்கு இன்னொன்று புரிந்தது. மாப்பிள்ளை எங்கள் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தது போன தடவை செங்கல் மாற்றிய பிறகு. உலையைக் காலி செய்து தூங்க வைக்க முடியும் என்பதை அவர் கண்ணால் பார்த்ததில்லை. சாப்பாட்டு நேரத்தில் நானும் அதைச் சொன்னதில்லை. யாராவது நல்லபடியாக நடந்த கதையைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார்களா? ஆக, அவர் மேனேஜருக்குத் தெரிந்தது பாதிக் கதைதான்.

"ஆத்தறதுக்கே நாள்கணக்குல மெல்லிசா நெருப்பு வேணும்," என்றான் தம்பி. "அவன் மூடற வரைக்கும் இருந்தா அதுவும் முடியாது. பண்றதா இருந்தா இப்பவே பண்ணணும். ஆனா என் கையால பண்ண மாட்டேன்." வெளியே போய்விட்டான்.

மறுநாள் மதியம் எல்லோரையும் செங்கல் அடுக்கைச் சுற்றிக் கூப்பிட்டேன். தாளில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். முதலில் பேசியது பூதக்கண்ணாடி. தரம் பார்க்கிற பிரிவுக்கு அவள்தான் தலைமை. கண்ணாடி போடாமல் ஒரு முழம் தூரம் தெரியாது, ஆனால் பாட்டிலில் மயிரிழை விரிசல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவாள்.

"கையெழுத்துப் போட்டா வாயு வரும். சரி. அவங்க சொல்ற ஆளு பாட்டில் வேணாம்னு சொன்னா?"

"வேற யாருக்கும் விக்க முடியாது," என்றேன்.

"அப்ப நாம அவங்களுக்கு வேலைக்காரங்க. சங்கம்னு போர்டு மட்டும் வாசல்ல தொங்கும்."

ஒரு கிழவர், பாட்டில் அச்சுப் பிரிவுக்காரர், கையைத் தூக்கினார். "மேலவீட்டுக்காரன் நாட்டுப் பாட்டில் கம்பெனிக்கு அவன் கவர்மெண்டே காசக் கொட்டுது. கேட்டா அதுக்குப் பேரு ஊக்கமாம். நமக்கு நம்ம கவர்மெண்ட் ஒரு லைன் இழுத்துக் குடுத்ததுக்கு, முறைகேடுன்னு பேப்பர்ல எழுதினான்."

"மாமியார் உடைச்சா மண்சட்டி, மருமக உடைச்சா பொன்சட்டி," என்றாள் பூதக்கண்ணாடி. "சரி அக்கா, அணைச்சிட்டு நாங்க என்ன பண்றது? வீட்ல படுத்துக்கிறதா?"

"செங்கல் சுமக்கிறது வேலை இல்லையா? பிரிக்கிறதும் கட்டுறதும் நாமளே பண்ணுவோம். கோடவுன்ல நிக்கிற பாட்டில வித்துச் சம்பளம் போடலாம்."

"யாருக்கு விப்பீங்க? மேலவீட்டுக்கும் கிடையாது, கீழவீட்டுக்கும் கிடையாது."

"ஏன்டி, இருமல் அந்த ரெண்டு வீட்டுக்கு மட்டும்தான் வருதா? சுத்தி எத்தனை சின்ன நாடு இருக்கு! அவனுக்கும் தொண்டை இருக்குல்ல? கொஞ்சம் கொஞ்சமா வாங்குவான், பேரம் பேசுவான், தலைவலி குடுப்பான். ஆனா யாருக்கு வித்தன்னு கேக்க மாட்டான்."

சிரிப்பு எழுந்தது. பயமும் கூடவே இருந்தது. அது அவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததிலேயே தெரிந்தது. மகள் எழுந்து நின்று, கரண்ட் உலை ஓடும் என்று தான் நம்புவதாகவும், முதல் மாதங்களில் பாட்டில் விலை கொஞ்சம் கூடத்தான் இருக்கும் என்றும், சத்தியம் பண்ணித் தர முடியாது என்றும் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னது எனக்குப் பிடித்தது. கட்டிக் கொடுத்த இடம் எப்படியோ, பெற்ற இடம் சோடை போகவில்லை.

எங்கள் சங்கத்தில் கை தூக்கி ஓட்டுப் போடுவதில்லை. ஆளுக்கு ஒரு கழிவு பாட்டிலை எடுத்து மேஜையில் வைக்க வேண்டும். சம்மதம் என்றால் நிற்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்க வைக்க வேண்டும். யார் எதை வைத்தார் என்று பார்க்காமல் இருக்க எல்லோரும் முதுகு காட்டி நிற்போம். திரும்பிப் பார்த்தபோது பெரும்பாலும் நின்றன. சில படுத்திருந்தன. அதில் ஒன்று என் தம்பியுடையது என்று எனக்குத் தெரியும். மேஜையின் ஓரத்தில், உருண்டு விழாதபடி முட்டுக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தான். எதிர்த்து ஓட்டுப் போடும்போதுகூடப் பாட்டில் உடையக் கூடாது அவனுக்கு.

வடிக்கிற நாள் வந்தது. தொட்டிக்கு அடியில் இருக்கிற துளையைத் திறக்க நீள இரும்புக் கம்பியோடு இரண்டு பேர் தயாராக நின்றார்கள். கீழே தண்ணீர் ஓடும் இரும்புத் தொட்டி. அப்போது தம்பி உள்ளே வந்தான். முகமூடி, தோல் கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு.

"தள்ளுங்கடா. வேற எவனாவது என் உலையத் தொட்டா கைய ஒடிப்பேன்."

"நீ மாட்டேன்னியே," என்றேன்.

"ஓட்டு வேற, வேலை வேற. பேசாம தள்ளி நில்லு, புடவைல தெறிக்கும்."

அடியில் நின்று மூன்று முறை குத்தினான். நாலாவது குத்தில் திறந்தது. சிவப்பு இல்லை, ஆரஞ்சும் இல்லை, பார்த்தால் கண் கூசுகிற ஒரு நிறத்தில் கண்ணாடி இறங்கியது. சத்தமே இல்லாமல் இறங்கியது. தண்ணீரைத் தொட்டதும்தான் கூச்சல். ஆவி எழுந்து கூடமே மறைந்தது. உள்ளே போவது பாகு, தண்ணீரில் கிடப்பது கற்கண்டு மாதிரி உடைசல். அதையும் வீணாக்க மாட்டோம், மறுபடி உருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வந்தார், பேனா சகிதம். ஆவியைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"ஐயையோ அத்தை! வெடிச்சிருச்சா?"

"இல்ல மாப்பிள்ளை, வடிக்கிறோம்."

"ஒண்ணாம் தேதிக்கு இன்னும் நாள் இருக்கே! நாங்க இன்னும் மூடவே இல்லையே!"

"நீங்க மூடற வரைக்கும் நாங்க எதுக்குக் காத்திருக்கணும்? வால்வு உங்களுது. நெருப்பு எங்களுது."

அவர் ஆவிக்குள் நின்றுகொண்டே போன் போட்டார். மேனேஜர் என்னிடம் பேச வேண்டுமாம். போனை என் காதில் வைத்தார். அந்தப் பக்கம் குரல் வெண்ணெய் மாதிரி.

"அம்மா, அவசரப்படாதீங்க. தேதியத் தள்ளி வைக்கலாம். ஷரத்தையும் உக்காந்து பேசிக்கலாம். உலை ஆறினா செத்துடுமே அம்மா!"

"உங்களுக்கு யாரோ பாதிக் கதை சொல்லியிருக்காங்க தம்பி. சாகும்னே வச்சுக்கங்க, எங்க கையால சாகட்டும். பொறக்கிறதும் எங்க கையாலதான்."

"வேற எந்த வாயு வச்சுப் பத்த வைப்பீங்க?"

"அது எங்க வீட்டுச் சமாசாரம்," என்று போனைத் திருப்பி நீட்டினேன். மாப்பிள்ளை அதை வாங்காமல் கண்ணாடி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்தால் யாருக்கும் வேறு பக்கம் திரும்ப வராது.

பிறகு தம்பி நெருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். உலையின் கூரை விரிசல் விடாமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஒரு சுண்டு விரல் அளவுதான் குறைக்க வேண்டும். வீட்டுக்கே போகவில்லை அவன். கடைசிச் சுடரை நிறுத்தியபோது என்னைப் பார்க்கவும் இல்லை. கூடத்தில் அத்தனை வருடமாக இருந்த உறுமல் போய், நாங்கள் பேசுவது எங்களுக்கே கேட்க ஆரம்பித்தது. எல்லோரும் தேவையில்லாமல் கத்திப் பேசுகிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒண்ணாம் தேதி கம்பெனி ஆள் ஒருவர் வந்து வாசலில் இருந்த வால்வைத் திருகினார். டீ கொடுத்தோம். குடித்தார். மூடியாயிற்று என்றார். சந்தோஷம் என்றோம். உள்ளே எதுவும் மாறவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை மறுபடி வந்தது அதற்குப் பிறகு. அதே தோல் பை. முற்றத்துக்கு வந்து, பழக்கதோஷத்தில் உட்காரப் போய்த் தடுமாறினார்.

"உக்காரச் செங்கல் இல்லையே அத்தை."

"உள்ள போயிருச்சு மாப்பிள்ளை. நின்னுட்டே சொல்லுங்க."

"புது ஒப்பந்தம். அதே பாதி விலை. ஷரத்து எதுவும் கிடையாது. யாருக்கு வேணா வித்துக்கலாம்."

"அப்ப ஷரத்து இல்லாம பாதி விலைக்குக் குடுக்க முடியும்னு உங்க ஆளுங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு."

அவர் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"இன்னிக்கு ஷரத்து இல்ல. நாளைக்கு மறுபடி அந்த ரெண்டு வீட்டுக்கும் சண்டை வந்தா ஷரத்து வரும். எங்களுக்கு வேணாம். அவங்களுக்கு மருந்து பாட்டில் வேணும்னா ஆர்டர் குடுக்கச் சொல்லுங்க. விலை நாங்க சொல்வோம். வரிசைல நிக்கணும்."

"கரண்ட்ல ஓடலேன்னா அத்தை?"

"ஓடலேன்னா மறுபடி பிரிச்சு மறுபடி கட்டுவோம். எங்களுக்கு அது தெரியும்."

உலைக்குள்ளிருந்து தம்பியின் குரல் எதிரொலியோடு வந்தது. "யாருக்கா அது, வேலை நேரத்துல? செங்கல் வருதா இல்லையா?"

கடைசி அடுக்கைச் சுமந்துகொண்டு வரிசையில் போய்க்கொண்டிருந்த என் மகள் தன் புருஷன் பக்கத்தில் நின்றாள். "மாமா கத்துறாரு, காதுல விழலையா? இத உள்ள குடுங்க," என்று ஒரு செங்கல்லை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். உலைச் செங்கல் கனம், சாதாரணச் செங்கல் மாதிரி இல்லை. அவர் தோள் ஒரு பக்கம் இறங்கியது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் செங்கல். எதைக் கீழே வைப்பது என்று என்னைப் பார்த்தார்.

வீடாக இருந்தால் ஓடிப் போய்ப் பையை வாங்கியிருப்பேன். கை நீட்டவில்லை.